பூசணிப் பாணும் சுவர்ணாவின் மூக்கும்

சட்டியின் மூடியைத் திறப்பவர் யாராக இருந்தாலும், முதலில் குனிகிற மூக்கு சுவர்ணாவினுடையது. சட்டிக்கு ஒரு சாண் மேலே அதை நிறுத்தி, கண்ணை மூடி, மூன்று விநாடி பிடித்திருப்பார். பிறகு தீர்ப்பு வரும். "கறுவா கூடிப்போச்சு." "கராம்பு காணாது." "உப்பு ஒரு கல்லுக் குறைவு." உப்பை எப்படி மணந்து பார்க்கிறார் என்று லண்டனில் இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

வயது அறுபத்தொன்று. லூயிஷாமில் ரயில் பாதையைப் பார்த்த இரண்டாம் மாடி வீட்டில், கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுடன் வசிக்கிறார். அதற்கு முன் பதினாறு வருடம் ஜேர்மனியில் இருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்து இன்னும் பழுதாகாமல் இருப்பவை இரண்டு. ஒன்று, பாண் என்கிற ரொட்டியைச் சுடும் நீளமான கறுத்த தட்டுச் சோடி. மற்றது, "ஜேர்மனியிலை உப்பிடியில்லை" என்ற வசனம். தட்டுகள் வருடத்தில் ஒரு நாள் வெளியே வரும். வசனத்துக்கு விடுமுறையே கிடையாது.

அந்த ஒரு நாள், ஒக்டோபரின் கடைசி வெள்ளிக்கிழமை. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பழைய மாணவர் சங்கத்தின் இலையுதிர்கால ஒன்றுகூடல். அதற்குப் பூசணிப் பாண் சுவர்ணாவின் பொறுப்பு. யாரும் ஒப்படைத்த பொறுப்பல்ல. 2009இல் அவராக எடுத்துக்கொண்டது. லூயிஷாம் சந்தையில் பூசணிக்காயை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை தட்டி, ஐந்தாவதாகத் தட்டியதை வாங்குவார். அவித்து மசித்து, மா, நாலு முட்டை, பனங்கட்டி, கறுவாப்பட்டையும் கராம்பும் சாதிக்காயும் சேர்த்து அரைத்த தூள் எல்லாம் போட்டு இரண்டு பாண் சுடுவார். மண்டபத்தில் வெட்டி, மேலே பனங்கட்டி காய்ச்சிய சூடான பாணி ஊற்றி, ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுப்பார். வீட்டில் ஒரு துண்டுகூட வெட்டிப் பார்க்க மாட்டார். "வெட்டின பாணைச் சபைக்குக் கொண்டு போறேல்லை" என்பது அவருடைய சட்டம்.

2019வரை பாண் நன்றாகவே இருந்தது. இதைப் பதிவு செய்யாமல் விடுவது நியாயமல்ல.

2021ஆம் ஆண்டு ஜனவரி 14, தைப்பொங்கலன்று, சுவர்ணாவின் பொங்கல் அடிப்பிடித்துக் கரிந்தது. அடுப்புக்கு முன்னால் நின்ற அவருக்கு அது தெரியவில்லை. அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்த கணவர் ஓடி வந்தார். கொறோனா இருவரையும் விட்டுப் போனது. போகும்போது சுவர்ணாவின் மூக்கை எடுத்துக்கொண்டு போனது. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார் மருத்துவர். சுவர்ணா அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? சுவர்ணாவின் குசினியில் எந்தப் போத்தலிலும் பெயர் ஒட்டியிருக்காது. "லேபிள் ஒட்டுறது மூக்கில்லாத ஆக்களுக்கு" என்று இருபது வருடம் ஊருக்குச் சொன்னவர், இனி எந்த முகத்தோடு பசை வாங்கப் போவார்? அதைவிடப் பெரிய சிக்கல் தீர்ப்புகள். மூக்குப் போன பிறகும் அவர் தீர்ப்புச் சொல்வதை நிறுத்தவில்லை. 2022 ஒன்றுகூடலில் றொசானா என்ற முப்பத்தெட்டு வயதுப் பெண் கொண்டுவந்த ஏலக்காய்க் கேக்கின் மேல் மூன்று விநாடி குனிந்து, "ஏலம் பழசு, பிள்ளை" என்றார். முதல்நாள்தான் வாங்கிய ஏலக்காய் அது. றொசானா வீட்டுக்குப் போய் அவ்வளவையும் குப்பையில் கொட்டினார். அன்றிலிருந்து கேக்கில் ஏலமே போடுவதில்லை. மூக்கு இல்லை என்று வெளியே தெரிந்தால், இப்படி எத்தனை ஏலக்காய்கள் எழுந்து வந்து சாட்சி சொல்லும்!

ஆகவே சுவர்ணா ஒரு முறை கண்டுபிடித்தார். பாணுக்கான தூள் சிவப்பு மூடிப் போத்தலில். தங்கை ஊரிலிருந்து வறுத்து இடித்து அனுப்பும் கறித்தூள் நீல மூடிப் போத்தலில். பார்வைக்கு இரண்டும் ஒரே மண்ணிறம். பாண் வெந்ததை அறிய மணிக்கூடு. அதற்கும் மேல் ஒரு காவல் வேண்டுமென்றால், முன்னறையில் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் கணவரைப் பரீட்சை வைப்பதுபோல் கேட்பார்:

"இஞ்சாருங்கோ, என்ன மணக்குது? சொல்லுங்கோ பாப்பம்."

"கறுவாதானப்பா, வேற என்ன."

ஒக்டோபர் மாதத்தில் இந்தப் பதிலைச் சொன்னால் வீட்டில் சமாதானம் நிலவும் என்பதை ஸ்ரீஸ்கந்தராஜா அறிவார். அதற்காக மணந்து பார்க்க வேண்டியதில்லை என்பதையும் அறிவார்.

தூளின் அளவு மட்டும் வருடா வருடம் ஏறியது. 2019இல் ஒரு பாணுக்கு இரண்டு தேக்கரண்டி. 2022இல் மூன்று. 2023இல் நாலு. தனக்கு மணக்காதது பிறருக்கும் போதாது என்பது அவருடைய கணக்கு. பிறர் தும்மிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

2024 ஒக்டோபர் 25, வெள்ளி காலை, ஸ்ரீஸ்கந்தராஜா மனைவிக்கு உதவி செய்ய விரும்பினார். ஓய்வுபெறும்வரை பதினெட்டு வருடம் தபால்களை இடம் பார்த்துப் பிரித்த மனிதர். ஒரு கடிதம்கூட வேறு பெட்டிக்குப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. தூள் போத்தல்கள் நிற்கும் தட்டைத் துடைத்தார். பிசுபிசுத்த மூடிகளைக் கழற்றிக் கழுவினார். உலர்ந்ததும் சிவப்பை நீலத்தின் தலையிலும் நீலத்தைச் சிவப்பின் தலையிலும் வைத்துத் திருகினார்.

பிற்பகலில் சுவர்ணா சிவப்பு மூடியைத் திறந்து, பாணுக்கு நாலரைத் தேக்கரண்டி வீதம் எண்ணிப் போட்டார். கணவரைக் கேட்டார். "கறுவாதானப்பா" என்றது முன்னறை.

மறுநாள் மண்டபத்தில் நாற்பது பேர். பாணை வெட்டியபோது உள்ளே செங்கல் நிறம். "நல்ல கலர் அக்கா!" என்று ஓடி வந்தவர் சங்கத் தலைவர் தவராசா. சாப்பிட முன்னரே பாராட்டுவதில் அவரை வெல்ல ஆளில்லை. பனங்கட்டிப் பாணி ஊற்றியதும் ஆவி எழுந்து மேசையைச் சுற்றியது. அது கேதாரகௌரி விரத காலம். மண்டபத்துக்குள் வரும்போது விரதகாரர் ஐந்து பேர். ஆவி எழுந்த பத்து நிமிடத்தில் அந்தத் தொகை பதினேழானது.

"முட்டை போட்டதோ அக்கா? ஐயோ, நான் விரதமெல்லே."

"நானுந்தான். இந்த வருசந்தான் துவங்கினனான்."

தவராசாவின் இடக்கையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் இருந்ததால் அவரால் விரதம் பிடிக்க முடியவில்லை. றொசானா தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர், அவருக்கும் அந்த வழி அடைபட்டிருந்தது. இருவரும் துண்டை வாங்கினார்கள். தவராசா ஒரு வாய் கடித்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை அரும்பியது.

"எப்பிடி?"

"சொல்லி வேலையில்லை, அக்கா."

மகிழ்ந்துபோன சுவர்ணா தனக்கும் ஒரு துண்டு வெட்டிக் கடித்தார். முதலில் இனிப்பு. அதன் பின்னால் நாக்கின் நடுவில் ஒரு பொறி. பிறகு தொண்டையில் நெருப்பு. மூக்குப் போனாலும் உறைப்பு அவருக்கு மிஞ்சியிருந்தது. தினமும் கறியில் சந்திக்கும் அந்தப் பழைய ஆளை உடனே அடையாளம் கண்டார். கண் தானாகக் கணவரைத் தேடியது. ஸ்ரீஸ்கந்தராஜா மூலையில் நின்று, தன் துண்டைக் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். முதல்நாள் அவர் கழுவிய மூடிகள் சுவர்ணாவின் நினைவுக்கு வந்தன.

அழுவதா, சிரிப்பதா என்று யோசிக்க நேரமில்லை. கண்ணில் நீர் முட்டியது. குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டு அழைத்தார்.

"தவராசா, இஞ்ச வாரும். இதிலை என்ன மணக்குது? சொல்லும் பாப்பம்."

தவராசா துண்டை முகத்துக்கு நேரே தூக்கினார். "கறுவா, அக்கா. அசல் கறுவா."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆட்டாத தலை ஒன்றுதான். றொசானா துண்டை மணந்தார், இன்னொரு தரம் மணந்தார், மெதுவாகச் சொன்னார்:

"அன்ரி, எனக்குக் கறித்தூள் மணக்குது."

இல்லையென்று சொன்னால், சாப்பிட்ட அத்தனை வாயும் சாட்சி. தெரியாமல் போட்டேன் என்றால், அந்த மூக்குக்கு என்ன நடந்தது என்ற கேள்வி அடுத்த மூச்சில் வரும். சுவர்ணா கண்ணைத் துடைத்து நிமிர்ந்தார்.

"ஒராள்! நாப்பது பேருக்குள்ளை ஒராளுக்குத்தான் மூக்குக் கிடக்கு. வேணுமெண்டுதான் போட்டனான், ஆர் கண்டுபிடிக்கினம் எண்டு பாக்க. ஜேர்மனியிலை இப்ப உறைப்புப் போட்டுத்தான் பூசணிப் பாண்."

மண்டபம் மூச்சு விட்டது. "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது" என்றார் ஒருவர். "நானும் யோசிச்சனான், சொல்லேல்லை" என்றார் இன்னொருவர். தவராசா கைதட்டினார். அசல் கறுவாவைக் கண்டுபிடித்தவருக்கு இரண்டு விரல் தடிப்பில் இன்னொரு துண்டு வைத்து, அவர் விழுங்கி முடிக்கும்வரை சுவர்ணா கத்தியோடு பக்கத்தில் நின்றார்.

அதோடு போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அடுத்த மேசையில் றொசானாவின் கேக் மூடியிருந்தது. மூடியிருக்கிற எதையும் தாண்டிப் போக அந்த மூக்குக்குப் பழக்கமில்லை. மூடியைத் தூக்கினார். குனிந்தார். கண்ணை மூடி மூன்று விநாடி. உண்மை சொன்ன பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனம் இளகியிருந்தது.

"இந்தமுறை ஏலம் புதுசு, பிள்ளை. திறம்."

றொசானா தன் ஏலம் போடாத கேக்கைப் பார்த்தார். பிறகு சுவர்ணாவின் முகத்தைப் பார்த்தார். உறைப்பில் சிவந்து, நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்க, அந்த மூக்கு இன்னும் கேக்கின் மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. மேசையில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி நீட்டினார்.

சுவர்ணா அதை வாங்கி, இரண்டாக மடித்து, மண்டபம் முழுவதும் கேட்கும்படி மூக்கைச் சீறினார்.