சத்தம் நின்றதும் வந்தவர்கள்

ஹெலிகாப்டர் மெக்கானிக் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று ஊரில் நினைப்பு. மண்ணாங்கட்டி! நாள் முழுக்க கிரீஸிலும் பூச்சிமருந்து நாற்றத்திலும் கிடந்து சாகிற வேலை. அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் கீரமங்கலம் பக்கம் கடலைக் கொல்லைகளில் கம்பளிப்பூச்சி விழுந்து, இலை நரம்பைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றது. மருந்தடிக்க ஒரு கம்பெனி சின்ன ஹெலிகாப்டர் ஒன்றை அனுப்பியது. நான் அன்னவாசல்காரன். "உன் ஊர்ப் பக்கந்தானே, போய்ட்டு வா" என்று அதை என் தலையில் கட்டினார்கள். பைலட் திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கடையில் உட்காரச் சொன்ன அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பறக்கப் படித்தவர்.

அந்த வாரம் ப்ரீவீலைப் பிரித்துச் சரிபார்த்து மாட்டியிருந்தேன். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருளுமே, அதே சங்கதிதான். பறக்கும்போது என்ஜின் நின்றால், அது இறக்கையை என்ஜினிலிருந்து விடுவித்துவிட வேண்டும். கீழே வருகிற வேகத்தில் காற்றே இறக்கையைச் சுற்றும். அந்தச் சுற்றலை வைத்து உயிரோடு இறங்கலாம். ப்ரீவீல் பிடித்துக்கொண்டால் செத்த என்ஜின் இறக்கையையும் நிறுத்திவிடும், அதோடு எல்லாம் முடிந்தது.

ஒரே டயலில் இரண்டு முள் இருக்கும், என்ஜினுக்கு ஒன்று, இறக்கைக்கு ஒன்று. பறக்கையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். என்ஜினுக்குப் பெட்ரோல் விடுகிற த்ராட்டிலை மூடினால் என்ஜின் முள் விழ வேண்டும், இறக்கை முள் விழக் கூடாது. தரையில் வைத்துப் பார்த்தபோது ஒழுங்காகப் பிரிந்தது. ஆனால் உயரே போய், த்ராட்டிலை மூடி இறங்கும்போது இறக்கை முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். மாட்டியவனும் பைலட்டோடு ஏற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எவனும் நட்டை ஏனோதானோ என்று முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது அல்லவா?

"வீட்ல சொல்லிட்டு வந்தியாய்யா?" என்று பைலட் கேலி செய்தார்.

"சும்மா இருங்க சார், ஏறுற நேரத்துல."

வற்றிக் கிடந்த கண்மாய்க்கு மேலே உயரப் போனோம். கீழே ஈ காக்கை இல்லை. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் அது நிற்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டே வருவது என் வேலை. அவர் த்ராட்டிலை மூடி, ஹெலிகாப்டரை ஏற்றி இறக்குகிற இடதுகைப் பக்கத்து லிவரை இறக்கினார். முட்கள் பிரிந்தன. மளமளவென்று கீழே இறங்கினோம்.

"பச்சையில இருக்கு. கொஞ்சம் கூடுது. இப்ப சரி. சார், கச்சிதமா நிக்கிது சார்!"

"போதும், ஏறுவோம்" என்று த்ராட்டிலைத் திறந்தார். என்ஜின் இரண்டு தடவை இருமியது. நின்றே போய்விட்டது.

"வெளையாடாதீங்க சார்!"

"நான் எங்கய்யா வெளையாடுறேன்!"

அப்போதுகூட எனக்கு நம்பிக்கை இருந்தது. இறக்கை சுற்றுகிறது, கண்மாய் அகலமாகக் கிடக்கிறது, இறங்கிவிடலாம். அந்த நினைப்போடுதான் கீழே பார்த்தேன். ஆத்தாடி! கண்மாய்க்குள் ஜனம். ஊற்றுத் தண்ணீருக்குக் குடத்தோடு பெண்கள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிழவர்கள், முன்னால் ஓடுகிற பிள்ளைகள்.

விஷ மருந்து என்பதால் ஊரில் தமுக்கு அடித்துச் சொல்லியிருந்தார்கள். சத்தம் கேட்கிறவரை யாரும் வெளியே வரக் கூடாது, நின்றபிறகு வரலாம். காலையிலிருந்து கண்மாய்க்கரை வீடுகளில் அடைந்து கிடந்த ஜனம், த்ராட்டிலை மூடியதும் சத்தம் அடங்க, அன்றைய வேலை முடிந்தது என்று கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. சொன்ன சொல் கேட்டவர்கள் பாவம், அவர்களை எப்படித் திட்டுவது?

"அங்கிட்டுப் போங்க! அங்கிட்டு ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கையை ஆட்டினேன். அவர்கள் அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். திருப்பிக்கொண்டு போக எங்களுக்கு உயரம் இல்லை.

இறக்கையில் மிச்சமிருக்கிற சுற்றல் ஒரே ஒரு தடவைக்குத்தான் ஆகும். தரையைத் தொடுகிற நேரத்தில் லிவரைத் தூக்கினால் மெத்தென்று இறங்கலாம். முன்னாலேயே தூக்கிவிட்டால் கொஞ்ச தூரம் மிதக்கலாம், அப்புறம் இறங்க எதுவும் மிஞ்சாது. இது எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"முள்ளச் சொல்லுய்யா!"

"பச்சையில சார்..."

அவர் லிவரைத் தூக்கினார். "விழுது சார்! முள்ளு விழுது சார்! லிவர விட்டுருங்க சார்!" என்று கதறினேன். உயிர்ப்பயத்தில் அந்த ஜனத்தை நான் மறந்தே போனேன். அவர் மறக்கவில்லை. லிவரை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவர்கள் தலைக்கு மேலே தாண்டினோம். ஒரு பெண் குடத்தைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்ததைப் பார்த்தேன். அதற்கப்புறம் இறக்கை தாங்கவில்லை. அவருடைய பக்கம் கரைக் கல்லில் மோத, மொத்தமாக விழுந்தோம்.

பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குப் பயப்படாமல் அந்த ஜனமே ஓடிவந்து எங்களை இழுத்துப் போட்டது. எனக்கு மணிக்கட்டு பிசகியது, அவ்வளவுதான். அவருக்கு முதுகில் பலத்த அடி. கம்பெனி ஜீப்பில் வைக்கோலைப் பரப்பி அவரைப் படுக்கவைத்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் குண்டும் குழியும்.

"யாருக்காச்சும் அடியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"பொய் சொல்லாதய்யா."

"சத்தியமா இல்லைங்க சார். ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒண்ணும் ஆகல."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"ரொம்ப ஆட்டுதுய்யா. என் காலக் கொஞ்சம் புடிச்சுக்க."

கண்மாய்க்கரையில் ஜீப்பில் ஏற்றியதிலிருந்தே அவருடைய இரண்டு காலையும் என் மடியில் வைத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.

"புடிச்சுக்கிட்டேங்க" என்றேன்.