துட்டி வீட்டில் சுட்ட பிஸ்கட்

என் அண்ணன் செத்து ஐந்து நாள் ஆகியும் அவன் பெண்டாட்டிக்கு, எங்கள் மைனிக்கு, ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. அவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அந்த ஐந்தாம் நாளில் நடந்ததைத்தான் சபையாரே, உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வசனம் சேர்த்துப் பேச வராது. நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன்.

அண்ணனுக்கு எலிக்காய்ச்சல். வயல் வரப்பு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவான். காலில் சின்னப் புண் இருந்தது, வயல் தண்ணீரிலிருந்து கிருமி ஏறியிருக்கும் என்றார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நீங்கள் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். நான் வார்டு வராந்தாவில் முட்டிபோட்டுக் கேட்டேன். அண்ணன் போய்விட்டான். வயது இருபத்தாறு. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கர்த்தரிடம் சொல்லிவிட்டேன், இனி உம்மிடம் எதையும் கேட்க மாட்டேன் என்று. அதையும் மறைக்கக் கூடாது.

அன்றைக்குப் பிடித்த மழை விடவில்லை. சுசீந்திரம் போகிற ரோடு தண்ணீருக்குள் போனது. முதல் மூன்று நாள் அக்கம்பக்கத்தார் கஞ்சி கொண்டு வந்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். எங்கள் வீடு மட்டும் கொஞ்சம் மேடு. பால் இல்லை. முட்டை இல்லை. மீன்காரி வரவில்லை. இருந்த அரிசியில் கஞ்சி வைத்தோம். அந்த வாடை பட்டாலே மைனிக்கு ஓங்கரிப்பு.

பிள்ளை உண்டானதிலிருந்தே அவளுக்கு வயிற்றில் தங்குவது பிஸ்கட்டும் பால் விடாத கட்டன் சாயாவும்தான். அண்ணன் கோட்டாற்றில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தான். விற்க முடியாத உடைந்த பிஸ்கட்டைப் பேப்பரில் பொதிந்து தினமும் அவளுக்குக் கொண்டு வருவான். அந்தப் பொதி நின்றுபோனது. மைனி சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். அழக்கூட இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் வாய் திறந்தாள்.

"நேத்துலேருந்து உள்ள அசையல்ல."

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டோம். தண்ணீரைத் தாண்டி வர வழியில்லை என்றார்.

நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கேட்க மாட்டேன் என்ற வாயாலேயே கேட்டேன்.

"அண்ணனத் தரல்ல. அது போகட்டு. இவ வாயில ஒரு வாய் எறங்கணும். அதையாவது செய்யும்."

அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் கூடச் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தால் எதிரே மைதா டின். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அண்ணன் வாங்கி வைத்தது. பக்கத்தில் சீனி. டின்னை இறக்குகிற சத்தம் கேட்டு அம்மா வந்தாள்.

"ஏட்டி, துட்டி வீட்டுல பலகாரம் சுடப் போறியா? ஊரு என்ன பேசும்?"

சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"எண்ணெய்ச் சட்டி வைக்கல்லம்மா. மணலுல வச்சு சுடுவேன்."

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"பேசுகதுக்கு ஊரு எங்க இருக்கு? எல்லாம் முட்டளவு தண்ணியில நிக்கு. செய்யி."

முற்றத்து மணலை வாரி இரும்புச் சட்டியில் போட்டு ஈரம் போக வறுத்தேன். தேங்காய் எண்ணெய் மழைக்குளிரில் பாட்டிலோடு உறைந்திருந்தது. அந்தக் குளிரை வைதுகொண்டே கொஞ்சம் உருக்கி ஊற்றிப் பிசைந்தேன். சூட்டில் வைத்ததும் மாவு தட்டில் பரந்து, கரிந்து போனது. இன்னும் ஒரு தம்ளர் மைதாதான் மிச்சம்.

அப்போதுதான் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. பேக்கரியில் டால்டாவையும் சீனியையும் வெளுக்கிற வரைக்கும் அடிப்பார்களாம். பாட்டிலில் மிச்சம் உறைந்து கிடந்த எண்ணெயை அப்படியே தோண்டி எடுத்து, பொடித்த சீனியோடு கை வலிக்க அடித்தேன். வெளுத்தது. நான் வைத குளிர்தான் எனக்கு வெண்ணெய் தந்தது. ஒரு நுள்ளு ஆப்பசோடா, உப்பு, மிச்ச மைதா. உருட்டித் தட்டி, சூடான மணல் மேல் தட்டை வைத்து மூடினேன்.

கரியாமல் வெந்தது. ஆனால் முட்டை சேராத மாவு. எடுக்க எடுக்க இரண்டாய், மூன்றாய் உடைந்தது. முழுசாய் ஒன்று கூட இல்லை. அழுதுகொண்டே துண்டுகளைப் பழைய பேப்பரில் அள்ளி, கட்டன் சாயாவோடு மைனி பக்கத்தில் வைத்தேன்.

மைனி திரும்பினாள். அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு துண்டைச் சாயாவில் முக்கி வாயில் வைத்தாள். இறங்கியது.

"உப்பு கூடிப்போச்சுட்டி," என்றாள். "உங்க அண்ணன் இருந்தா சிரிச்சிருப்பாரு."

பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே தின்றாள். ஒரு மணி நேரம் கழித்து என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே சின்னதாய் ஓர் உதை.

தண்ணீர் வடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாசி மாதம் பெண் பிள்ளை பிறந்தது. எடை குறைவு. ஆனால் நல்ல குரல், சபையில் நீங்களே கேட்டிருப்பீர்கள். அது யாரைப் பார்த்து அப்பா என்று கூப்பிடும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. முன்னே கோபம் வந்தால் கர்த்தரிடம் பேச மாட்டேன். இப்போது அந்தக் கோபத்தையும் அவரிடமே சொல்கிறேன். துட்டி விழுந்த வீடுகளுக்குப் போகும்போது இந்த பிஸ்கட்டைப் பேப்பரில் பொதிந்து கொண்டுபோகிறேன். தின்னச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பெரிய ஜெபம் கேட்கப்படாமல் போனவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். உங்களிடம்தான் சொல்கிறேன். ஒரு வாய்க் கஞ்சிக்காகவாவது கேளுங்கள். கோபத்தோடே கேளுங்கள். என் அண்ணனை அவர் ஏன் எடுத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. அடுக்களையில் நான் கேட்டது அவர் காதில் விழுந்தது என்று மட்டும் தெரியும். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை இப்போது உங்கள் முன்னால் சொல்கிறேன்.

ஆமென்.