என் கணவருக்கு விழுந்த மாலை

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தன்னை யாரும் கவனிப்பதில்லை என்ற குறை என் கணவருக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் அவருடைய கையெழுத்துக்காக ஆட்கள் அறை வாசலில் காத்து நின்றார்கள். இப்போது கடற்கரைச் சாலையில் நடந்து போனால், சுண்டல் விற்கிறவர்கூட அவரை விட்டுவிட்டுப் பின்னால் வருகிறவரைத்தான் கூப்பிடுகிறார்.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில்தான் ஓவியம் படித்த ஒரு பெண் அவரை நிறுத்தி, "சார், உங்கள வரையட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். குருசுக்குப்பத்துப் பெண். அந்தப் பக்கம் ஒரு பழைய கிடங்கை வெள்ளையடித்து, தெருக்காரர்களே சேர்ந்து ஓவியக்கூடமாக நடத்துகிறார்கள். அதில் ஊர்க்காரர்களின் முகங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி போடப் போகிறார்களாம்.

வீட்டுக்கு வந்து என்னிடம், "ஒரே தொந்தரவு. வேற வழியில்லாம சரின்னுட்டேன்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றவர் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை அங்கிருந்து நகரவில்லை.

வரைய உட்கார வேண்டிய நாளன்று துணைக்கு நானும் போனேன். அதற்கு முந்தைய நாள் இவர் தலைக்கும் மீசைக்கும் கன்னங்கரேலென்று மை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஐயோ, என்னா சார் இது? அந்த நரைக்கோசரம்தான உங்களக் கேட்டதே!"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் என்னை முறைத்தார். "அப்படியே இருங்க சார், அந்த மொறைப்பு நல்லாருக்கு" என்று அவள் தூரிகையை எடுத்துவிட்டாள்.

கண்காட்சி திறந்த அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனோம். மீன் விற்கிற அம்மா, தேங்காய்த்திட்டுப் படகுக்காரர், பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர் என்று சுவர் நிறைய முகங்கள். எல்லோரும் அவரவர் நிறத்தில்தான் இருந்தார்கள். இவர் மட்டும் பச்சையாக இருந்தார். வாழைக்குருத்துப் பச்சை. தலைமுடி நீலம்.

"எம் மூஞ்சி பச்சையாவா இருக்குது?" என்று என் காதருகே சீறினார்.

"பித்தம் கொஞ்சம் ஜாஸ்திதான உங்களுக்கு" என்றேன்.

இனிமேல் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கப்போவதில்லை என்று சொன்னவர், மறுநாள் சாயங்காலம் மறுபடியும் கிளம்பினார். யாராவது அடையாளம் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். ஓவியத்தில் இருந்த அதே கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் தற்செயலாக நிற்பதுபோல நின்றார். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், சற்று நகரச் சொல்லி இவரைக் கேட்டார்கள், அடுத்த படத்துக்குப் போனார்கள். தினமும் கூடவே நடக்கிற நண்பர் ஒருவர் வந்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இந்த ஆள எங்கியோ பாத்திருக்கேன்யா" என்றார் நண்பர். "நம்ம ரேஷன் கடைல எடை போடறவரு மாதிரி இல்ல?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏங்க, நீங்களும் கொஞ்சம் மொறைச்சிக்கிட்டு நின்னு பாருங்களேன்" என்று யோசனை சொன்னேன். முறைத்தார், என்னைப் பார்த்து. அப்போதும் ஒருவருக்கும் தெரியவில்லை.

கண்காட்சி முடிகிற நாளில் போனபோது படத்தின் மூலையில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. விற்றுவிட்டது என்று அர்த்தம். படத்தின் முன்னால் நடுவயதுப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மூலக்குளத்துல புதுசா வூடு கட்டிருக்கோம்" என்றாள் எங்களிடம். "எங்கப்பா அச்சு அசலா இப்படியேதான் இருப்பாரு. நான் சின்னப் புள்ளையா இருக்கச்சயே போயிட்டாரு. கூடத்துல மாட்டி, மாலை போடப்போறேன்."

என் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"சந்தன மாலையா போடும்மா, வாடாது" என்றேன் நான்.

ஓவியப் பெண் ஓடிவந்து, "அக்கா, இவருதான் அந்த..." என்று ஆரம்பித்தாள். இவர் சட்டென்று கையைக் காட்டி அவளை அடக்கினார். படம் வாங்கியவளுக்கோ எதுவும் உறைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கிரகப்பிரவேசத்துக்குக் கட்டாயம் வரணும்" என்று அழைத்துவிட்டுப் போனாள்.

"ஏங்க சொல்ல விடல?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"அப்பனப் பாத்துட்ட சந்தோஷத்துல நிக்குது அந்தப் பொண்ணு. நாந்தான் அதுன்னு சொல்லி, ஏன் கெடுக்கணும்?" என்றார். அவருக்கு வாழ்க்கைப்பட்டதில் எனக்குத் திருப்தியாக இருந்த பொழுதுகளில் அதுவும் ஒன்று. ஆனால் வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே, "உயிரோட இருக்கறவன் படத்துக்கு மாலை போட்டா ஆயுசு கொறையுமா?" என்று கேட்டார்.

"கூடும்னுதான் சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"பொதுவா சொல்றதுதான்" என்றேன்.

கிரகப்பிரவேசத்தில் நுழைந்ததும் எதிரிலேயே இவர் தொங்கினார். சந்தன மாலை, பச்சை நெற்றியில் குங்குமம், முன்னால் ஊதுவத்தி. கீழே வாழையிலையில் வடை, பாயசம், சர்க்கரைப் பொங்கல் என்று படையல். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டு நகர, எங்கள் முறையும் வந்தது. என் கணவர் தன்னைத் தானே கைகூப்பி வணங்கினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் நாற்காலியில் வீட்டுக்காரப் பெண்ணின் தாயார் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், அருகில் வரும்படி விரலை அசைத்தார்.

"அது நீங்கதான?"

இத்தனை நாள் ஏங்கிய கேள்வி அது. இவருக்கு மகிழ்வதா நடுங்குவதா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"புயல் அடிச்சப்ப வூட்டுல தண்ணி பூந்து, அவரு போட்டோ ஒண்ணுகூட மிஞ்சல. எம் பொண்ணுக்கு அவரு மொகமே ஞாபகம் இல்ல" என்றார் அந்த அம்மாள், தாழ்ந்த குரலில். "அவரு இப்படி இருக்கமாட்டாரு. ஒல்லி. மூக்கும் சப்ப."

"அப்ப எடுத்துடச் சொல்லட்டுங்களா?" என்று இவர் தயங்கினார்.

"வேணாம், இருக்கட்டும். அவளுக்குப் புடிச்சிருக்கு. எனக்கும் ஒண்ணும் கொறையில்ல, அவர விட நீங்க லட்சணமாத்தான் இருக்கீங்க." அந்த அம்மாளின் பார்வை இலைப் பக்கம் போனது. "படையல் ஒங்களுக்குத்தான வச்சிருக்கு. வடை எடுத்துக்குங்க, சூடா இருக்கு."

எடுத்துக்கொண்டார். எனக்குப் பாதி கொடுத்தார்.

அதன் பிறகு அந்த வீட்டோடு போக்குவரத்து வந்துவிட்டது. ஆடி அமாவாசைக்குத் தவறாமல் கூப்பிடுகிறார்கள். போன முறை மகள் இவருக்குப் பரிமாற வந்தவள், பாயசக் கரண்டியோடு அப்படியே நின்று இவர் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க சார். உங்களப் பாத்தா எங்கப்பா சாயல் அப்படியே இருக்குது."

அவள் தாயார் தண்ணீர் குடிப்பதுபோல டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அப்படியாம்மா?" என்றார் என் கணவர், ரொம்ப அடக்கமாக. "இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."