பாதிக் குளிசை

தாதியர் படிப்புப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் ஐ.சி.யு. மெஷின்களைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு கேள்வியைப் பற்றி. அதை நான் பிழையாகக் கேட்டேன். அதனால் ஒரு பெண் இறந்துபோனார்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். நான் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் தாதி; நோயாளிகளுக்கு மிஸி. யாழ்ப்பாணத்தில் இதய ஒப்பரேஷன் கிடையாது. கொழும்பில் வால்வு மாற்றிக்கொண்டு ஊருக்கு வருவார்கள்; பிறகு வரும் சிக்கலெல்லாம் எங்கள் தலையில். உலோக வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் டிக் என்று சத்தம் போடும். அதில் இரத்தம் கட்டிபடாமலிருக்க நாள் தவறாமல் வார்ஃபரின் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, போடவேண்டும். பொருளாதாரத் தடையில் அது கப்பலில் வந்தால் உண்டு. இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் டெஸ்டுக்கான மருந்தும் லாபில் முடிந்திருந்தது. ஆகவே கிளினிக்கில் எங்களிடம் மிஞ்சியது வாயால் கேட்கிற கேள்விதான். என் வாயோ கொஞ்சம் நீளம். குளிசையைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை நான் திட்டிப் பேசுகிற பேச்சு வாசல்வரை கேட்கும்.

பரமேஸ்வரி உரும்பிராய்க்காரி, வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம். மாதாமாதம் கணவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார்.

"குளிசை ஒழுங்காப் போடுறியளோ?"

"ஓம் மிஸி. ஒரு நாளும் விடேல்லை."

கார்டில் சரி போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். ஒருமுறை கணவர் நகராமல் நின்றார்.

"மிஸி, இவவின்ரை நெஞ்சுச் சத்தம் குறைஞ்சு போச்சு. முந்திப் பக்கத்திலை படுத்தால் மணிக்கூடு மாதிரிக் கேக்கும். இப்ப காதை வைச்சாத்தான் கேக்குது."

"அப்ப நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ அண்ணை" என்று சிரித்தேன். வரிசை வாசல்வரை நின்றது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கும்.

நாலாம் நாள் காலையில் மண்ணெண்ணெயில் ஓடும் கார் ஒன்றில் பரமேஸ்வரியைக் கொண்டுவந்தார்கள். மூச்சு முட்டல், வாயில் ரோஸ் நிற நுரை. ஐ.சி.யு.வில் டொக்டர் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமல் வெகுநேரம் கேட்டார்.

"வால்வு கிளிக் இல்லை. கட்டிபட்டிட்டுது. ஹெப்பரின் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு குப்பி, சேர்."

அது கட்டி பெருகாமல் தடுக்கும் ஊசிதான்; கட்டியைக் கரைக்கிற மருந்து இல்லவே இல்லை. போரில் பாதை அடைபட்டுக் கிடந்ததால் கொழும்புக்கு ஏற்றலாம் என்று பேச்சுக்கும் சொல்ல முடியாது. கணவரிடம் குளிசைப் போத்தலை வாங்கித் திறந்தேன். உள்ளே இருந்ததெல்லாம் பிளேட்டால் வெட்டிய பாதிகள்.

"அரையோ போட்டனீங்கள்? மிச்சப் பாதி எங்கை?"

பரமேஸ்வரி ஒக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "கொழும்பிலை பக்கத்துக் கட்டில் பிள்ளை, கரவெட்டி ராணி... அவளுக்குக் குளிசை முடிஞ்சுபோச்சு. பாதியை அவளுக்குக் குடுத்தன். நான் மட்டும் எப்பிடி முழுசா விழுங்கிறது?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பேசுவியள் எண்டு பயம், மிஸி."

பிறகு கணவரைப் பார்த்தார். "அவளுக்கும் இப்பிடி வரப்போகுது. போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவர் கட்டிலின் கம்பியை விடவில்லை. "உன்னை விட்டிட்டோ?"

"மிஸி நிக்கிறாதானே."

அவர் ஆஸ்பத்திரியில் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனார். நான் பரமேஸ்வரியின் கையைப் பிடித்தபடி நின்றேன். ஹெப்பரின் ஏற்றினோம், நுரையை உறிஞ்சி எடுத்தோம், தெரிந்ததெல்லாம் செய்தோம். பகல் இரண்டு மணிக்கு மூச்சு நின்றது.

நாலரைக்கு அவர் ராணியை முன்பாரில் இருத்தி மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. சுவரோடு சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்குச் சத்தம் கேக்குதோ எண்டு பாருங்கோ, மிஸி" என்றார்.

பார்த்தேன். கணீரென்று கேட்டது. ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ராணி தேம்பித் தேம்பி அழுதாள்.

அதன்பின் கிளினிக்கில் எவரையும் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று நான் கேட்டதில்லை. "போத்தலைத் திறந்து, ஒரு நாளைக்குப் போடுறதை என்ரை கையிலை வையுங்கோ" என்பேன். குறைந்தால் திட்டவும் மாட்டேன். பரமேஸ்வரி எனக்குப் பொய் சொல்லவில்லை. ஒரு நாளும் விடாமல்தான் போட்டார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

ராணி வந்த அன்றைக்கே டொக்டர் அவளுக்கும் நாளுக்கு ஒரு முழுக் குளிசை எழுதினார். ஸ்டோரில் இல்லை. பரமேஸ்வரியின் போத்தலைக் கவிழ்த்து, இரண்டு பாதிகளைச் சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.