அம்மா உட்கார்ந்த நாற்காலிகள்

குடியிருப்பு மண்டபத்துக் கைவினைக் கண்காட்சியில் நுழைந்ததுமே ஈரப் பிரம்பின் வாசனை என்னைச் சுங்கை பினாங்கின் பழைய சந்துக்கு இழுத்துப் போனது. இன்று அடுக்குமாடி நிற்கிற இடத்தில் அன்று செல்லையா மாமாவின் தகரக் கொட்டகை. தொட்டியில் பிரம்பு ஊறிக்கொண்டே இருக்கும், பின்னி முடித்த ஒவ்வொரு நாற்காலியிலும் சந்திலேயே கனமான ஆளான என் அம்மாவை உட்காரவைத்து, அம்மா தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை மாமா குனிந்து காதுகொடுப்பார், கிரீச்சென்றால் பிரித்துவிடுவார்.

இங்கே அவர் நாற்காலியைச் சுற்றிக் கயிறு, 'உட்காராதீர்கள்' என்று அட்டை. அம்மாவின் உடம்பு அப்படியே வாய்த்த என்னைக் கண்டதும், நரைத்துப்போன மாமா கயிற்றை அவிழ்த்தார்.

"அக்காதான் இல்லையே. நீ உக்காரு பாப்பா. செக் பண்ணாம எப்படி லா முடிஞ்சிருச்சின்னு சொல்றது?"

உட்கார்ந்தேன். மாமா குனிந்தார். நாற்காலி வாய் திறக்கவேயில்லை.