அட்டையில் பத்தொன்பது

ஆஸ்பத்திரி அட்டையில் என் வயது பத்தொன்பது. உண்மையில் எனக்குப் பதினாறு. தாயாவதற்கு நான் செய்த முதல் ஏற்பாடே, நடுவில் இருந்த அந்த மூன்று வருடத்தை மனப்பாடம் செய்ததுதான்.

ஓசூரில், கம்பெனிகளுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அத்தைதான் எனக்கு மாமியார், அப்பாவின் அக்கா. களி கிண்டிக்கொண்டே திடீரென்று கேட்பாள்.

"வயசு?"

"பத்தொம்போது."

"யோசிக்காம சொல்லுடி. யோசிச்சா டாக்டரம்மா கண்டுபுடிச்சிடும்."

பள்ளிக்கூடத்தில்கூட என்னை இப்படி யாரும் படிக்க வைத்ததில்லை.

எங்கள் ஊர் ஊத்தங்கரைப் பக்கம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததுமே கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். ஊர் நர்சம்மாவின் காதுக்கு அது எட்டிவிட்டது. சின்ன வயதில் எனக்குத் தடுப்பூசி போட்டவர் அவர். "பதினெட்டு ஆவாம கட்டிக் குடுத்தீங்கன்னா நானே எழுதிப் போட்டுடுவன்" என்று அப்பாவிடம் நேராகவே சொன்னார். அப்பா நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, ஓசூரில் ஒரு கோயிலில் வைத்துக் கல்யாணத்தை முடித்தார். நான் கம்பெனி வேலைக்குப் போயிருப்பதாக ஊரில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படிப் போனதால் யாரும் துருவவில்லை.

வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த மாதங்களில் எனக்கு இருந்த ஒரே தைரியம், தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதுதான். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டதும் அம்மா கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் இந்தத் தகர வீட்டின் வெக்கை இல்லை, அத்தையின் பரீட்சை இல்லை. பிள்ளை பெறுவதென்றால் என்ன என்று எனக்கு ஒன்றும் தெரியாது. யாரிடமும் கேட்கவும் வெட்கம். அம்மா பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பினேன். என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் மாறிமாறி வந்ததால் பகலெல்லாம் அந்த ஒரே அறையில் தூங்குவார். சத்தம் காட்டாமல் பையில் துணி அடுக்கினேன். பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துத் துவைத்து, அதையும் வைத்தேன்.

வளைகாப்பு அன்று அம்மா புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வந்தாள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா இரண்டு கையிலும் வளையல் அடுக்கினாள். எனக்குக் கை சிறியது, நிறையவே ஏறியது. எல்லாரும் சாப்பிட்டுப் போனதும் நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அம்மா பையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

"எங்க கண்ணு கெளம்பிட்ட? நர்சம்மா வூடு வூடா வந்து எழுதிட்டுப் போறாங்க. ஒன்ன இந்த வயித்தோட பாத்தாங்கன்னா ஒங்கப்பாவ போலீசு புடிச்சிட்டுப் போயிடும்."

"அவங்ககிட்டயும் பத்தொம்போதுன்னு சொல்லிடறன்மா. நல்லாத் தெரியும் எனக்கு" என்றேன்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் பிறந்த தேதியை நோட்டில் எழுதியவரிடமே வயதைக் கூட்டிச் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறேன். அவ்வளவு சின்னப் பெண் நான்.

இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அம்மா பஸ் ஏறினாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். அப்பாவைக் காப்பாற்ற என்னை விட்டுவிட்டுப் போனாள் என்று இன்றும் நினைக்கிறேன். பிரசவம் முன்கூட்டியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அத்தையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "பயப்படாத. நெஜமா ஒனக்கு என்ன வயசு?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். அந்த வருடம் முழுவதும் என்னிடம் அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வலியில் உயிர் போனது. யோசிக்காமல் பத்தொன்பது என்றேன்.

மகள் பிறந்தாள். மூன்றாம் நாள் அம்மா வந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பிவிட்டாள்.

ஊர் நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டார் என்று தெரிந்த பிறகுதான் என்னை ஊருக்கு வரச் சொன்னார்கள். அதற்குள் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். எந்த வீட்டுக்குப் போக அப்படித் துடித்தேனோ அந்த வீடுதான். உள்ளே போய் உட்காரக்கூட எனக்குத் தோன்றவில்லை. சாயங்கால பஸ்ஸிலேயே நாங்கள் ஓசூருக்குத் திரும்பிவிட்டோம்.