இணைப்பு இருப்பதை நம்பாத கணினி

இடது கை, இணையம் தரும் டாங்கிளின் ஒயரை அசையாமல் பிடித்திருந்தது. வலது கை கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டியது. எழுத்துகள் ஓடின. டாங்கிள் எண்ணைச் சுழற்றியது, எதிர்முனை பதில் சொன்னது. அந்தக் கை உலாவியைத் திறந்தது. 'இணைய இணைப்பு இல்லை' என்றது உலாவி.

"இன்னுமா வரல?" என்றார் பிரிசில்லா.

திருச்சிப் பக்கத்துக்காரர். மலைமேல் வளப்பூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் மூன்று ஆண்டுகளாகச் சுகாதாரச் செவிலியர். மூன்றாண்டு முடித்தவர்களை மலைக்குக் கீழே மாற்றும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. இங்கேயே இருக்க விரும்புகிறவர்கள் அன்று மாலை நான்கு மணிக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய மகள் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பொதுத்தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது அவளைப் பள்ளி மாற்ற அவருக்கு மனமில்லை. இப்போது மணி மூன்று.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் கோகிலா, ஜெராக்ஸ் கடைக்காரர். தட்டச்சு வகுப்புக்குப் போனவர். கணினியை யாரும் சொல்லித் தரவில்லை. வாங்கிய பழைய கணினி வைரஸால் இரண்டு முறை படுத்ததும் அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, ஒவ்வொரு கட்டளையாக அடித்துப் பார்த்தே பழகினார். எந்த விண்ணப்பத்தையும் இருமுறை உரக்கப் படித்துக் காட்டாமல் அனுப்பமாட்டார். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் கவலைப்படமாட்டார்.

மழையில், மலையேறும் காரவள்ளிப் பாதையில் மண் சரிந்து, கேபிள் அறுந்து மூன்று நாள். செல்போன்களும் செத்துக் கிடந்தன. மிச்சமிருந்த ஒரே டவரின் மெல்லிய சிக்னலை, மூங்கில் உச்சியில் ஆன்டெனா கட்டிய இந்தப் பழைய டாங்கிள் மட்டுமே பிடித்தது.

"டவரு மழைக்குப் போத்திட்டுப் படுத்திருக்கும் கண்ணு" என்றார், நகல் எடுக்க வந்திருந்த மிளகு விவசாயி ராசப்பன்.

"நீங்க போயி எழுப்பி உடுங்க மாமா. மூங்கில கெழக்கால திருப்புங்க."

மலையில் இணைப்பு இல்லையென்றால் கணினியை யாரும் சந்தேகிப்பதில்லை, டவரைத்தான் திட்டுவார்கள். கோகிலாவும் அதையே செய்தார். ராசப்பன் வெளியே சாரலில் மூங்கிலைத் திருப்ப, இவர் துண்டித்துத் துண்டித்து மறுபடி இணைக்க, அரை மணி நேரம் போயிற்று. கடைசியில், வெளியூர்க் கணினி ஒன்றைக் கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளையை அடித்துவிட்டு மீண்டும் உலாவிக்குப் போனார்.

பிரிசில்லா கறுப்புத் திரையைக் காட்டினார். "அது என்ன, வரிவரியா ஓடுது?"

"வெளிய இருக்கற கம்ப்யூட்டரு நம்மளுக்குப் பதில் சொல்லுதுங்க சிஸ்டர்."

"நாடி ஒழுங்காத்தானே துடிக்குது? அப்புறம் ஆளு செத்துட்டாருன்னு எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது?"

கோகிலாவின் கை நின்றது. உலாவி நேரே போய்ப் பார்ப்பதில்லை. கணினியில் இணைப்புகளைக் கவனிக்கும் வேறொரு மென்பொருளைக் கேட்டுக்கொள்கிறது. அந்த மென்பொருளுக்கோ, தானே திறந்துவிட்ட இணைப்பு மட்டும்தான் தெரியும். கறுப்புத் திரையில் கையால் சுழற்றியது அதன் கணக்கிலேயே இல்லை. முன்பு இதற்காக உலாவியில் ஓர் அமைப்பை அவரே மாற்றியிருந்தார். போன வாரம் லினக்ஸைப் புதிதாக நிறுவியபோது அது அழிந்துவிட்டது.

"மாமா, உள்ள வாங்க! டவரு மேல தப்பில்லீங்க."

"அப்ப நான் நனைஞ்சது?"

"குளிச்சதா நெனச்சுக்கங்க."

அமைப்புகளின் நீண்ட பட்டியலில் அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து, 'ஆம்' என்றிருந்ததை 'இல்லை' என்று மாற்றினார். இனி யாரையும் கேட்காதே, நீயே போய்ப் பார் என்று பொருள். பக்கம் மேலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கி வந்தது.

விவரங்களை நிரப்பி முடித்தபோது மூன்று நாற்பது. கோகிலா உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"கோகிலா, மணியைப் பாரும்மா!"

"ஒரு எழுத்து மாறுனாத் தள்ளிப்புடுவாங்க சிஸ்டர். கேளுங்க."

இரண்டாம் முறை படிக்கையில்தான் பணியில் சேர்ந்த ஆண்டு தவறாக இருந்தது தெரிந்தது. திருத்தி அனுப்பினார். மூன்று ஐம்பத்திரண்டு. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்ற வரியும் ஓர் எண்ணும் வந்தன.

பிரிசில்லா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். "என் பொண்ணு பரீட்சை எழுதுறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்" என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. கோகிலா அதிலிருந்த எண்ணைத் திரையோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். மை காயட்டும் என்று ஊதினார். ஈரக் கை படாமல் ஓர் உறையில் இட்டு, பிரிசில்லாவிடம் நீட்டினார்.